லாங்கரின் 47 பட்டங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

கிழக்குக்காற்று:

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் தமது 41ஆவதும் கடைசியுமான மாஸ்டர்ஸ் போட்டியை ஆடினார். 67 வயதில், ஒரே ஒரு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில்தான் அவர் வார இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாமல் போனார். அதைப் பற்றிய பேச்சில் நண்பர் கணக்குப்பிள்ளை, "லாங்கர் என்றால் இரண்டு மாஸ்டர்ஸ், மற்றதெல்லாம் ஓய்வூதியம்" என்று எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரி எனக்கு உறுத்தலாகவே இருந்ததால் தனியாக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். 50 வயதைக் கடந்தவர்களுக்கான சாம்பியன்ஸ் டூரில் 2007 முதல் 2024 நவம்பர் வரை 47 பட்டங்கள். அவற்றுள் 12 சீனியர் மேஜர்கள். ஐந்து வெவ்வேறு சீனியர் மேஜர்களையும் வென்ற ஒரே ஆட்டக்காரர். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் வெறுங்கையோடு முடிந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. இதைப் பின்னிணைப்பாக ஒதுக்கிவிட்டு ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை எடைபோடுவது, பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு விமர்சனம் எழுதுவதாகும் என்பது என் கருத்து.

கணக்குப்பிள்ளை:

என் வரியை மேற்கோள் காட்டியதற்கு நன்றி. அதிலிருந்து நான் பின்வாங்கப் போவதில்லை, ஆனால் ஒற்றை வரியில் சொன்னது நியாயமில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

லாங்கர் பிறந்தது 1957 ஆகஸ்ட் 27. அதே ஆண்டு ஏப்ரலில் செவே பயெஸ்டெரோஸ், ஜூலையில் நிக் ஃபால்டோ, அடுத்த பிப்ரவரியில் சாண்டி லைல், மார்ச்சில் இயன் வூஸ்னம் என்று, ஐரோப்பிய கோல்ஃபைத் தலைநிமிரச் செய்த ஐவரும் ஓராண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இப்படி ஒரே வயதினர் ஒரே களத்தில் மோதியதைப் போல ஒப்பீட்டுக்கு வசதியான சூழல் விளையாட்டு வரலாற்றில் அரிது. அந்தக் களத்தின் தீர்ப்பு என்ன? ஃபால்டோவுக்கு 6 மேஜர்கள் (ஆண்டின் நான்கு முதன்மைப் போட்டிகளின் பட்டங்கள்), செவேவுக்கு 5, லைலுக்கும் லாங்கருக்கும் தலா 2, வூஸ்னத்துக்கு 1. லாங்கரின் இரண்டும் 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் அகஸ்டா என்னும் ஒரே மைதானத்தில் வந்தவை. அமெரிக்க ஓபனிலும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் அவர் பட்டத்துக்கு மிக அருகில் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை ஒன்றை உங்களால் நினைவுகூர முடிகிறதா? 1986 ஏப்ரலில் உலகத் தரவரிசை முதன்முதலாக வெளியானபோது முதலிடத்தில் இருந்த பெயர் அவருடையது என்பது அழகான செய்திதான். ஆனால் அந்த இடத்தில் அவர் நீடித்தது மூன்றே வாரங்கள்.

இப்போது சீனியர் கணக்குக்கு வருவோம். அங்கே பெரும்பாலான போட்டிகள் 54 குழிகளில் முடிந்துவிடுகின்றன. அவற்றில் கட் (பின்தங்கியவர்களைப் பாதியில் வெளியேற்றும் எல்லை) கிடையாது. முதல் நாள் மோசமாக ஆடியவரும் மூன்று நாளும் ஆடுவார். களமும் சிறியது, மேஜர் அல்லாத போட்டிகளில் வண்டியில் போகவும் அனுமதி உண்டு. செவேவுக்கு 50 வயதானபோது முதுகுவலி அவரை நீடித்து ஆட விடவில்லை. ஃபால்டோ வர்ணனையாளர் இருக்கைக்குப் போய்விட்டார். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூதான் சர்க்கரை. இலுப்பைப்பூவை நான் குறைத்துப் பேசவில்லை, அதைச் சர்க்கரை மூட்டையோடு சேர்த்து நிறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிழக்குக்காற்று:

பழமொழி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் ஆலை இல்லை என்பதுதான் தவறு. லாங்கர் வென்ற அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஃபிரெட் கப்பிள்ஸ், விஜய் சிங், டேவிஸ் லவ், எர்னி எல்ஸ், ஜிம் ஃபுரிக், ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர், பட்ராய்க் ஹாரிங்டன் என ஆண்டுதோறும் புதிதாக 50 வயதைத் தொட்ட மேஜர் வெற்றியாளர்களும் முன்னணி வீரர்களும் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். அந்த டூரின் இயல்பே அதுதான்: உங்களுக்கு வயது ஏறும், எதிராளிகளுக்கு ஏறாது. வழக்கமாக ஒருவர் 50 முதல் 55 வரை வெல்வார், பிறகு புதிதாக வருகிறவர்கள் அவரை ஓரங்கட்டிவிடுவார்கள். லாங்கரின் 47 பட்டங்களில் 11, 2018 தொடக்கம் முதல் வந்தவை. அதாவது அவர் 60 வயதைத் தாண்டிய பிறகு, தம்மைவிடப் பத்து வயது இளையவர்களிடமிருந்து பறித்தவை. இதற்கு ஓய்வூதியம் என்ற சொல் எப்படிப் பொருந்தும்? ஓய்வூதியம் வீட்டுக்கு வந்து சேரும். இது போய் வாங்கி வரவேண்டியது.

இன்னொன்று. ஐரோப்பிய டூரில் அவருக்கு 42 பட்டங்கள் என்பதை நீங்கள் ஏன் சொல்லவே இல்லை? 50 பட்டங்கள் பெற்ற செவேவுக்கு அடுத்த இடம் அது. ஃபால்டோ அந்த எண்ணிக்கையில் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார். மேஜரை மட்டும் எண்ணுவது என்று நாம் முடிவெடுத்துவிட்டால், ஆண்டின் நான்கு வாரங்களை வைத்துக்கொண்டு மற்ற வாரங்களைக் குப்பையில் போடுகிறோம் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய கேடி:

இருவரும் எண்களோடு நிற்கிறீர்கள். லாங்கரின் எண்களைப் படிக்க வேண்டுமானால் அவற்றுக்கு அடியில் ஓடும் ஒரு நோயைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆட்டக்காரர்கள் அதை யிப்ஸ் என்பார்கள்.

நான் பல ஆண்டுகள் கேடியாகப் பிறருக்குப் பை சுமந்தவன். யிப்ஸ் வந்த ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பதற்றம் அன்று. முப்பதடி புட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) அழகாக உருண்டு போய்க் குழியருகே நிற்கும். மிச்சமிருப்பது மூன்றடி. ஆட்டக்காரர் குனிவார், அதற்கான மட்டையான புட்டரைப் பின்னே எடுப்பார், முன்னே வரும் வழியில், பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு, வலது மணிக்கட்டில் ஏதோ ஒன்று தன்னிச்சையாக வெட்டும். பந்து குழியைத் தாண்டி நாலடி ஓடிவிடும். தம் கையைத் தாமே அந்நியர் கையைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை நான் இரண்டு பேரிடம் கண்டிருக்கிறேன். இருவரும் ஓராண்டுக்குள் தொழிலை விட்டார்கள். பென் ஹோகனைப் போன்ற ஒருவரையே கடைசிக் காலத்தில் கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரையில்) நிலைகுலையச் செய்தது இந்த நோய்தான்.

லாங்கருக்கு இது நான்கு முறை வந்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல்முறை வந்தபோது அவர் இன்னும் இருபதைத் தாண்டாத இளைஞர். ஒவ்வொரு முறையும் அவர் புட்டிங்கைப் புதிதாகக் கற்றார். 1985இல் அகஸ்டாவில் வென்றபோது நீண்ட புட்டுகளுக்கு வழக்கமான பிடி, குறுகிய புட்டுகளுக்கு இடது கை கீழே இருக்கும் தலைகீழ்ப் பிடி என்று இரண்டு முறைகளை ஒரே சுற்றில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். 1993இல் வென்றபோது அதுவும் போய்விட்டது. இடது கை புட்டரின் தண்டில் வெகு கீழே இறங்கியிருக்கும். கைப்பிடிப் பகுதி இடது முன்கையின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும். வலது கை அந்த முன்கையையும் கைப்பிடியையும் சேர்த்து, உடைந்த எலும்புக்குச் சட்டம் வைத்துக் கட்டியதைப் போல இறுக்கிப் பிடித்திருக்கும். மணிக்கட்டு அசைய வழியே இல்லை என்பதுதான் அதன் நோக்கம். பார்க்க அழகாக இராது. ஆனால் அந்த ஆண்டு அவர் இரண்டாமிடத்தில் வந்த சிப் பெக்கை நான்கு ஸ்ட்ரோக்குகளில் வென்றார்.

இங்கே கணக்குப்பிள்ளை கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. "இரண்டும் அகஸ்டாவில்தானே" என்கிறார். அகஸ்டாவின் கிரீன்கள் கண்ணாடியைப் போல வழுக்குபவை. உலகத்திலேயே புட்டரை அதிகம் சோதிக்கும் மைதானங்களுள் ஒன்று. கைநடுக்கம் கண்ட ஒருவர் ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் வேறு எங்கு வேண்டுமானாலும் ஒளியலாம், அங்கே முடியாது. அங்கே இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு பிடிகளால் அவர் வென்றார் என்பது அவருக்கு எதிரான சான்றா, ஆதரவான சான்றா?

நான்காம் சுற்று:

பழைய கேடி அவர்கள் கதையைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டார், ஏனென்றால் அடுத்த அத்தியாயம் அவ்வளவு அழகானதன்று. 1990களின் பிற்பகுதியில் லாங்கர் நீளப் புட்டருக்கு மாறினார். அதன் மேல்முனையை மார்பருகே ஊன்றிவைத்து, கீழ்க்கையால் ஊஞ்சலைப் போல ஆட்டுவது அந்த முறை. புட்டிங்கில் நரம்புக்கு இருந்த பங்கையே அது எடுத்துவிடுகிறது என்று பலரும் குறைபட்டார்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் 2016 ஜனவரி 1 முதல் உடலில் ஊன்றிப் புட் செய்வதைத் தடைசெய்தன. தடைசெய்யப்பட்ட ஒரு முறையில் ஈட்டிய வெற்றிகளை, அந்த உதவி இல்லாமல் ஆடியவர்களின் வெற்றிகளோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்பது என் கேள்வி. தடைக்குப் பிறகும் அவர் அதே நீளப் புட்டரை விடவில்லை. 2017இல் தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்த பலர், கை உண்மையிலேயே மார்பைவிட்டு விலகி இருக்கிறதா என்று ஐயம் எழுப்பினார்கள்.

பழைய கேடி:

கேள்வி நியாயமானது, ஆகவே விதியிலிருந்தே பதில் சொல்கிறேன்.

தடைசெய்யப்பட்டது புட்டரின் நீளம் அன்று, ஊன்றுதல்தான். மட்டையையோ அதைப் பிடித்த கையையோ உடலோடு சேர்த்து வைத்துக்கொண்டு அடிக்கக் கூடாது. முன்கையை உடலில் பதித்து அதை ஓர் அச்சாக்கவும் கூடாது. ஆனால் மட்டையை முன்கையோடு சேர்த்துப் பிடிக்கலாம். ஆகவே 1993இல் அகஸ்டாவில் வென்ற அந்தச் சட்டப் பிடி இன்றைய விதிப்படியும் செல்லும். அவருடைய இரண்டு மேஜர்களையும் இந்தச் சர்ச்சை தொடவே இல்லை.

இனி சீனியர் பட்டங்கள். 2015 முடியும்போது அவரிடம் இருந்தவை 25. தடைக்குப் பிறகு வந்தவை 22. சீனியர் மேஜர் என்று பார்த்தால் தடைக்கு முன் 5, தடைக்குப் பின் 7. தடை நடைமுறைக்கு வந்த மறு ஆண்டான 2017இல் மட்டும் ஏழு பட்டங்கள், அவற்றுள் மூன்று சீனியர் மேஜர்கள். ஊன்றுகோல் பறிக்கப்பட்டவர் ஓடத் தொடங்கினார் என்றால், ஊன்றுகோல்தான் அவரை நடக்கவைத்தது என்று எப்படிச் சொல்வது?

ஐயத்தைப் பொறுத்தவரை, 2017இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது: லாங்கரும், அதே ஐயத்துக்கு ஆளான மற்றொரு வீரர் ஸ்காட் மெக்காரனும் விதியை மீறவில்லை என்பதில் தனக்கு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னது. சட்டைத் துணி கையில் உரசுவதும், வேண்டுமென்றே ஊன்றுவதும் ஒன்றல்ல. விதி பார்ப்பது நோக்கத்தை. நோக்கத்தை ஆட்டக்காரரின் சொல்லால்தான் அறிய முடியும் என்பது அந்த விதியின் பலவீனம் என்றால் அதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அது விதியை எழுதியவர்களின் குறை.

நான்காம் சுற்று:

தடைக்கு முன், தடைக்குப் பின் என்ற அந்தப் பிரிவினையை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. சரிபார்த்தேன், 25, 22 என்பது சரிதான். நீளப் புட்டர் பற்றிய என் மனக்குறை அப்படியே இருக்கிறது, ஆனால் லாங்கரின் பட்டங்களைக் கழிப்பதற்கு அதைப் பயன்படுத்த முடியாது என்பதை ஏற்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

புட்டர் விவகாரத்தை நான் எழுப்பவில்லை, எனக்கு அதில் அக்கறையும் இல்லை. என் வாதம் வேறு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சீனியர் பட்டங்களைச் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றால், ஒப்பிட வேண்டியவர் ஃபால்டோ அல்லர், ஹேல் இர்வின். இர்வினுக்கு 1974, 1979, 1990 ஆகிய ஆண்டுகளில் மூன்று அமெரிக்க ஓபன்கள். அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூரில் 20 பட்டங்கள். சீனியர் டூரில் 45. லாங்கருக்கு அமெரிக்க மண்ணில் பிஜிஏ டூர் பட்டங்கள் மொத்தமே மூன்று: இரண்டு மாஸ்டர்ஸ், 1985 மாஸ்டர்ஸுக்கு அடுத்த வாரமே ஹில்டன் ஹெட்டில் வென்றது ஒன்று. நீங்கள் சொல்லும் முழு வாழ்க்கைக் கணக்கிலேயே இர்வின் மேலே நிற்கிறார். அப்படியிருக்க, இர்வினைப் பற்றி இப்படி ஓர் இழையை யாரும் தொடங்குவதில்லை. 47 என்ற எண் 45ஐவிடப் பெரியது என்பதாலேயே லாங்கர் கொண்டாடப்படுகிறார். சாதனை எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்ற என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

இர்வினைக் கொண்டுவந்தது ஒரு காரணத்தோடுதான். அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பை, 1991, கீயாவா தீவு, கடைசி ஆட்டம், கடைசிக் குழி. எதிரில் நின்றவர் இதே இர்வின். ஆறடி புட். விழுந்திருந்தால் 14–14, முந்தைய கோப்பையை வைத்திருந்த ஐரோப்பாவுக்கே அது மீண்டும் சென்றிருக்கும். விழவில்லை. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது. ஓர் ஆட்டக்காரரை எடைபோடும்போது அந்த ஆறடியையும் தட்டில் வைக்க வேண்டாமா?

கிழக்குக்காற்று:

வைக்கலாம், முழுமையாக வைப்பதாக இருந்தால்.

அந்தப் புட்டின் பாதையில் காலணி ஆணிகள் கிளப்பிய தடங்கள் இருந்தன. அன்றைய விதிப்படி அவற்றை அழுத்திச் சரிசெய்யக் கூடாது. 2019இல்தான் அந்த அனுமதி வந்தது. வளைவுக்கு இடம் விட்டு அடித்தால் பந்து தடத்தில் பட்டு எங்கும் போகலாம் என்பதால், லாங்கரும் அவருடைய கேடி பீட்டர் கோல்மனும் கலந்து பேசி, நேராகவும் சற்று அழுத்தமாகவும் அடிப்பது என்று முடிவெடுத்தார்கள். பந்து வலப்பக்க விளிம்பை ஒட்டிக் கடந்தது. இர்வினும் அந்தக் குழியில் போகிதான் (குழிக்கு வகுத்ததைவிட ஓர் அடி கூடுதல்) ஆடினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அன்று நடுங்காத கை அந்த மைதானத்தில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் நடந்தது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷ்டுட்கார்ட்டில் ஜெர்மன் மாஸ்டர்ஸ். கடைசி நாள், கடைசிக் குழி, பிளே-ஆஃபுக்கு (சமனை முறிக்கும் கூடுதல் ஆட்டத்துக்கு) போக ஒரு புட் விழ வேண்டும். இது ஆறடியைவிட நீண்டது. லாங்கர் அதைப் போட்டார். ரோட்ஜர் டேவிஸை பிளே-ஆஃபில் வென்றார். ஒரு வாரத்துக்கு முன் உலகமே பார்க்கத் தவறவிட்ட ஒருவரின் மனத்தில் அந்தக் கணத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. ரைடர் கோப்பையில் அவர் பத்து முறை ஆடி, 42 ஆட்டங்களில் 21 வெற்றி, 15 தோல்வி, 6 சமன் என்று முடித்தார்; 2004இல் அணித்தலைவராக ஓக்லண்ட் ஹில்ஸில் அமெரிக்காவை 18½–9½ என்ற கணக்கில் வென்றார். அந்த ஆறடியை மட்டும் எடுத்துக்கொள்வது உங்கள் பெயருக்கே பொருந்தவில்லை, கணக்குப்பிள்ளை.

இர்வின் ஒப்பீட்டை நான் மறுக்கவில்லை. மூன்று அமெரிக்க ஓபன்கள் மலைபோன்றவை. ஆனால் இர்வின் கல்லூரி கோல்ஃபில் வளர்ந்து, உலகத்தின் மிகச் செழிப்பான டூரில் தொடங்கியவர். லாங்கர் ஆக்ஸ்பர்க் அருகே ஆன்ஹவுசன் என்னும் சிற்றூரில் ஒரு கொத்தனாரின் மகன். அண்ணனைப் பின்பற்றிச் சிறுவயதிலேயே கேடியாகப் போனவர். கோல்ஃப் வாழ்க்கைத்தொழிலாகலாம் என்று எவரும் நினைத்துப் பார்க்காத மேற்கு ஜெர்மனியில் பதினைந்து வயதில் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு முன் மேஜர் வென்ற ஜெர்மானியர் ஒருவருமில்லை. அடுத்தவரான மார்ட்டின் கைமர் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்கக் கோடு எங்கே வரையப்பட்டிருந்தது என்பதும் ஓட்டத்தின் நீளத்தில் சேரும்.

45ஐ 47 தாண்டியதாலேயே கொண்டாடுகிறோம் என்கிறீர்கள். அந்த 45ஐத் தாண்டிய போட்டியைப் பாருங்கள். 2023 ஜூலை, விஸ்கான்சினில் சென்ட்ரிவேர்ல்ட் மைதானம், அமெரிக்க சீனியர் ஓபன். 72 குழிகள், கட் உண்டு, வண்டி கிடையாது. நீங்கள் சீனியர் டூர் பற்றிச் சொன்ன குறைகள் ஒன்றும் அந்த வாரத்தில் இல்லை. எதிராளி அந்த ஆண்டு அந்த டூரையே ஆட்டிப்படைத்த ஸ்ட்ரிக்கர். அவருக்கு 56 வயது, சொந்த மாநிலம், கூட்டம் முழுவதும் அவர் பக்கம். லாங்கருக்கு 66 ஆக இன்னும் எட்டு வாரங்கள் இருந்தன. கடைசி மூன்று குழிகளிலும் போகி ஆடியும் இரண்டு ஸ்ட்ரோக்குகளில் வென்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் பிக்கிள்பால் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்து அறுவைச் சிகிச்சை. மே மாதம் திரும்பினார். நவம்பரில் ஃபீனிக்ஸில், கடைசிக் குழியில் நீண்ட பர்டி (வகுத்ததைவிட ஓர் அடி குறைவு) புட் ஒன்றைப் போட்டு ஒரு ஸ்ட்ரோக்கில் 47ஆவதை வென்றார். 67 வயதில், கடைசிக் கிரீனில், நீண்ட புட்: நான்கு முறை யிப்ஸ் கண்ட அதே கை.

நான்காம் சுற்று:

இடையில் ஒரு சொல். 2020 நவம்பரில் மாஸ்டர்ஸில் 63 வயதில் கட் எல்லையைத் தாண்டி, அப்போதைக்கு அந்தப் போட்டியின் மிக மூத்தவர் என்ற சாதனையைப் படைத்தார். இறுதிச் சுற்றில் உடன் ஆடியவர், இரண்டு மாதங்களுக்கு முன் அமெரிக்க ஓபனை அசுர பலத்தால் வென்ற பிரைசன் டிஷாம்போ. பந்தை அடிக்கும் தூரத்தில் வெகுவாகப் பின்தங்கியே லாங்கர் ஆடினார். சுற்று முடிந்தபோது அட்டையில் லாங்கருடைய எண்ணிக்கைதான் குறைவு, கோல்ஃபில் குறைவே மேல். சீனியர் களம் சிறியது என்போர் இந்த ஞாயிற்றுக்கிழமையை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று அறிய ஆவல்.

கணக்குப்பிள்ளை:

29ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார் என்ற கணக்கில்தான் எழுதுவேன். அது வியப்புக்குரியது, பட்டம் அன்று.

ஆனால் பழைய கேடி எழுதிய யிப்ஸ் பகுதியை நான் மூன்று முறை படித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. லாங்கரின் மேஜர் எண்ணிக்கை ஏன் இரண்டில் நின்றது என்பதற்குத் திறமைக்குறைவு என்ற விடையை நான் வைத்திருந்தேன். 1982, 1988, 1996 என்று நோய் திரும்பத் திரும்ப அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றது என்ற விடையும் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். அதனால் 2 என்பது 5 ஆகிவிடாது. "இருந்திருந்தால்" என்பதற்கு அட்டையில் கட்டம் கிடையாது. ஓய்வூதியம் என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது மரியாதையற்ற சொல். சீனியர் கணக்கைத் தனிப் பேரேட்டில் எழுத வேண்டும் என்பதை விடவில்லை.

என்னைப் பொறுத்தவரை லாங்கரின் வாழ்க்கையில் உள்ள உண்மையான ஓட்டை பிரிட்டனின் ஓபன் சாம்பியன்ஷிப்தான். ஒரே மைதானம், சாண்ட்விச்சில் உள்ள ராயல் செயின்ட் ஜார்ஜஸ்: 1981இல் பில் ராஜர்ஸுக்குப் பின்னால் இரண்டாமிடம். 1985இல் மூன்று சுற்றுகள் முடிந்தபோது டேவிட் கிரஹாமோடு முதலிடம், பிறகு 75 ஆடி மூன்றாமிடத்துக்குச் சரிந்தார். அவரைவிட மூன்று ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கிய லைல் கோப்பையை எடுத்துப் போனார். அதற்கு யிப்ஸைக் காரணம் காட்ட முடியாது, அதே ஏப்ரலில்தான் அவர் அகஸ்டாவை வென்றிருந்தார். 1993இல் மூன்றாமிடம். ஒரே வாசலில் மூன்று முறை வந்து நின்றவருக்குக் கதவு திறக்கவில்லை என்றால், அதற்கு அந்த ஞாயிறுகளில் அவர் ஆடிய ஆட்டமும் ஒரு காரணம்தான்.

பழைய கேடி:

1985ஐ உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். அந்த 75 அவர் கையிலிருந்து போனதுதான். ஆனால் 1993ஐ அதே வரிசையில் சேர்க்காதீர்கள். அந்த வாரம் சாண்ட்விச்சில் லாங்கரின் மொத்தம் 270, கடைசி நாள் 67. அதே மைதானத்தில் 1981இல் ராஜர்ஸ் வென்றது 276இல், 1985இல் லைல் வென்றது 282இல்.

கணக்குப்பிள்ளை:

காற்றும் தரையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஓராண்டின் எண்ணை இன்னோர் ஆண்டின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

பழைய கேடி:

தெரியும். அதனால்தான் அந்த ஆண்டின் எண்ணையே சொல்கிறேன்: வென்ற கிரெக் நார்மன் கடைசி நாள் 64 ஆடி 267, ஃபால்டோ 269, லாங்கர் 270. அந்த ஞாயிறு அவர் ஆடிய 67இல் எந்தக் குழியைக் குறை சொல்வது என்று நீங்களே அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.